வளர்ப்புப் பிரிவும் ஒழிப்புப் பிரிவும்

அக்காவின் மார்பிலிருந்து வெட்டியெடுத்த கட்டியின் ஒரு துணுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அக்காவைவிட நன்றாக இருந்தது. இது யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல. நிலையத்து வாசல் பலகையிலேயே 'இம்மாதத்தின் சிறந்த வளர்ச்சி' என்று எழுதி அதன் படத்தை ஒட்டியிருந்தார்கள். பெரிதாக்கி எடுத்த படம். வலையில் சிக்கிய திராட்சைக் கொத்துபோல ஊதா நிறத்தில் கொழுகொழுவென்று இருந்தது.

தம்பி வெல்டர். கேட்டும் கிரில்லும் அடிக்கிற பட்டறையில் வேலை. அக்கா கட்டட வேலைக்காரி. கல் சுமந்து, கலவை சுமந்து, கடைசியில் மார்பில் ஒரு கட்டியையும் சுமந்துகொண்டு யாரிடமும் சொல்லாமல் ஏணி ஏறிக்கொண்டிருந்தவள். ஒருநாள் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. வீடு என்றால் தம்பி.

வார்டு டாக்டர் சின்ன வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"வெட்டினது போக மிச்சம் இருக்கு. நுரையீரலுக்கும் போயிடுச்சு. ரெண்டு மருந்து இருக்கு. சேர்த்துப் போட்டா உடம்பு தாங்காது. சரியான ஒண்ணைப் போட்டா கட்டி சுருங்கும். தப்பான ஒண்ணைப் போட்டா கட்டியை விட்டுட்டு ஆளை அடிச்சிடும். அப்புறம் இன்னொண்ணைப் போட உடம்புல தெம்பு இருக்காது."

"எது சரின்னு எப்படித் தெரியும் மேடம்?"

"பின்னாடி கட்டடத்துல ஒரு வழி வச்சிருக்காங்க. சிலந்தி நூலைவிட மெல்லிசா நூல் இழுத்து, பஞ்சுத்துணி மாதிரி ஒரு விரிப்பு பண்றாங்க. நானோ கரித்தூள் கலந்த நூல். கட்டியோட செல்லை அதுல விட்டா, உடம்புக்குள்ள வளர்ற மாதிரியே நூலைப் பிடிச்சுக்கிட்டு வளரும். வளர்ந்ததும் ரெண்டா வெட்டி, துண்டுக்கு ஒரு மருந்தை ஊத்திப் பார்ப்பாங்க. எதுல சாகுதோ, அதை நாம இங்க ஏத்திடலாம். ரெண்டு மூணு வாரம் ஆகும்."

அக்காவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. "எதையாவது ஒண்ணை ஏத்தச் சொல்லுடா. சீக்கிரம் முடிச்சுட்டு வீட்டுக்குப் போலாம்."

"சும்மா இரு, அக்கா. கையில வசதி இருக்கும்போது தெரிஞ்சுக்கிட்டே போடலாமே."

"உனக்கு வசதின்னா என்னன்னு தெரியுமா?"

"நீ சும்மா இரு."

அவன்தான் சரி என்றான். டாக்டர் அக்காவைப் பார்த்தாள். அக்கா தம்பியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து முதல் தடவை நிலையத்துக்குப் போனான். வாசலிலேயே ஒரு பெண்மணி அவனை நிறுத்தி, தலைக்கு உறை, காலுக்கு உறை, உடம்புக்கு அங்கி, வாய்க்குத் துணி எல்லாம் கொடுத்தாள். கடைசியாகக் காதில் மாட்டுகிற ஒரு பை.

"இது என்ன மேடம்?"

"தாடி உறை."

"எனக்குத் தாடி இல்லையே."

"தாடி இருக்கான்னு விதியில கேட்கல. உறை போட்டிருக்கான்னுதான் கேட்டிருக்கு."

இல்லாத தாடிக்கு உறை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். வளர்ப்புப் பிரிவின் தலைவர் அவனை எதிர்கொண்டு, உதட்டில் விரலை வைத்தார். அறைக்குள் எல்லாரும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். ஒரு மூலையில் ஊசிக்குழாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நூல் சுழலும் உருளையில் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி. அதற்குள் உடம்புச் சூடு. அதற்குள் இளஞ்சிவப்புத் தண்ணீரில் ஒரு வெள்ளை விரிப்பு.

"சத்தம் போடாதீங்க. இப்பத்தான் பிடிமானம் ஆகியிருக்கு," என்றார் தலைவர். "சாதாரணத் தட்டுல போட்டா சோம்பேறி மாதிரி தட்டையாக் கிடக்கும். எங்க விரிப்புல பாருங்க, எல்லாப் பக்கமும் எழும்புது. காலையில தண்ணி மாத்தறோம். சாயங்காலம் வந்து பார்க்கிறோம். ஒருநாள்கூடத் தவறினதில்ல."

"கரண்ட் போனா சார்?"

"ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் லைனை இந்தப் பக்கம் திருப்பிட்டோம். கவலையே படாதீங்க."

வார்டில் முந்தின நாள் மதியம் பூராவும் ஏன் மின்விசிறி சுற்றவில்லை என்று அவனுக்கு அப்போது விளங்கியது. அக்கா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு கிடந்தாள். அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அலமாரிக்குள் பார்த்தபோது, ஊருக்குப் போன சொந்தக்காரப் பையன் அங்கே நன்றாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு நிம்மதிதான் வந்தது. தெருவுக்கு வந்த பிறகு அந்த நிம்மதியை நினைத்து அவனுக்கே கூசியது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் அக்கா.

"நல்லா இருக்காம்."

"யாரு?"

"அதுதான்."

"சாப்பிடுதா?"

"வேளாவேளைக்கு."

"கொடுத்து வச்சது," என்றாள் அக்கா. அவளுக்கு அன்றைக்குக் குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை.

அடுத்த தடவை போனபோது நேராகக் கேட்டான். "மருந்தை எப்ப சார் ஊத்துவீங்க?"

தலைவரின் முகம் சுருங்கியது. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் போய் சுடுகாட்டுக்கு வழி கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நாங்க வளர்ப்பு. அது ஒழிப்புப் பிரிவு. கீழே இருக்கு."

கீழே என்றால் தரைத்தளத்துக்கும் கீழே. தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு அறை. ஒரு மேசை, ஒரு குளிர்பெட்டி, ஒரு ஆள். வழுக்கை விழுந்த அந்த ஆள் எழுந்து நின்று கைகொடுத்தார். அவரைத் தேடி இதுவரை யாரும் வந்ததில்லை போலிருக்கிறது.

"மேல எல்லாரும் என்னைக் கொலைகாரன்னுதான் கூப்பிடுவாங்க. நீங்களும் அப்படியே கூப்பிடலாம், பழகிப்போச்சு. இந்த நிலையத்துல சேர்ந்ததுல இருந்து ஒரு செல்லைக்கூட நான் கொன்னதில்ல."

"ஏன் சார்?"

"கொடுத்தாத்தானே? சின்னதா இருக்கும்போது கேட்டா, இன்னும் வளரலைம்பாங்க. வளர்ந்த பிறகு கேட்டா, இவ்வளவு நல்லா வளர்ந்ததைப் போய்க் கேட்கிறீங்களே, மனசாட்சி இல்லையாம்பாங்க." குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். இரண்டு சின்னக் குப்பிகள். "உங்க அக்காவுக்கான ரெண்டு மருந்தும் இதோ தயாரா இருக்கு. விரிப்பு மட்டும் என் கைக்கு வரட்டும். ஒரு வாரத்துல பதில் சொல்லிடறேன்."

"எப்படி வாங்கறது?"

"கமிட்டி சொல்லணும். கமிட்டியில வளர்ப்புக்கு எட்டு ஓட்டு. எனக்கு நாற்காலி உண்டு, ஓட்டு இல்ல."

கமிட்டி கூடுவதற்கு முன்னால் கேக் வெட்டு விழா வந்துவிட்டது. கட்டி விரிப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஊடுருவி வளர்ந்துவிட்டதாம். அப்படி எந்தக் கட்டியும் இதுவரை வளர்ந்ததில்லையாம். குடும்பத்தார் சார்பில் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டறையில் அரைநாள் சொல்லிவிட்டுப் போனான். இயக்குநர் வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் உட்காரச் சொல்லிவிட்டு, உட்காருகிற சத்தம் அடங்கும்வரை காத்திருந்து பேசினார்.

"நண்பர்களே, இந்தக் கட்டி ஒரு சாதாரணத் தொழிலாளிப் பெண்ணின் உடலிலிருந்து வந்தது. அங்கே இதற்கு என்ன கிடைத்தது? போதிய உணவு இல்லை. ஓய்வு இல்லை. எந்நேரமும் பாரம், வெயில், தூசி. அப்படிப்பட்ட சூழ்நிலையிலும் தன் முயற்சியால் வளர்ந்தது. அதே கட்டிக்கு நல்ல உணவும், சீரான வெப்பமும், தடையில்லாத மின்சாரமும், அன்பான கவனிப்பும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நாம் உலகத்துக்கு நிரூபித்திருக்கிறோம்."

கைதட்டல்.

"புற்றுநோய்க்கு எதிரான நம் போராட்டத்தில், இதுவரை எந்தப் புற்றுநோயும் நம் பராமரிப்பில் இறந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

மறுபடியும் கைதட்டல். வெல்டரும் தட்டினான். எல்லாரும் தட்டும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது? கத்தியை அவன் கையில் கொடுத்தார்கள். வெட்டினான். முதல் துண்டை அவனுக்கே ஊட்டினார்கள். வெண்ணெய் போட்ட கேக். வாயில் வைத்ததும் கரைந்தது. அப்படி ஒரு கேக்கை அவன் சாப்பிட்டதில்லை. இன்னொரு துண்டு கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். வாய் நிறைய முதல் துண்டு இருந்ததால் சொல்ல முடியவில்லை.

வார்டில் போய் உட்கார்ந்ததும் அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"என்னடா, மணக்குது?"

"பட்டறையில ஒருத்தனுக்குப் பிறந்தநாள்."

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

விழா முடிந்த கையோடு அவனைக் கமிட்டியில் 'கொடையாளர் குடும்பப் பிரதிநிதி' ஆக்கிவிட்டார்கள். இனி ஓட்டுப் போடலாம். ஒரு வகையில் அவனுக்குச் சந்தோஷம்தான். நேரில் கேட்டு வாங்கிவிடலாமே என்று நினைத்தான். கமிட்டி கூடிய நாள் காலையில் வார்டு டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "சீக்கிரம் கேட்டு வாங்குங்க. மூச்சு வாங்க ஆரம்பிச்சிருக்கு. ரொம்ப நாள் தாங்காது" என்று சொல்லியிருந்தாள்.

நீள மேசை. சக்கரம் வைத்த நாற்காலி. உட்கார்ந்ததும் பின்னால் ஓடியது. பட்டறையில் அவன் குந்தித்தான் உட்காருவான். காலால் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தான். அவன் முன்னால் ஒரு தேநீர்க் கோப்பை, அதன்மேல் ஒரு மூடி. மூடி போட்ட தேநீரை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"மருந்துச் சோதனை பற்றி ஒரு கோரிக்கை இருக்கிறது," என்றார் இயக்குநர். "நியாயமான கோரிக்கை. நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் நம் நிலையத்துக்குத் தரம் கொடுக்க மதிப்பீட்டுக் குழு வருகிறது. வந்து என்ன பார்ப்பார்கள்? வளர்ச்சியைப் பார்ப்பார்கள். அவர்கள் வருகிற நேரத்தில் நாம் இதை வெட்டி, விஷம் ஊற்றி, இது பாதி செத்துக் கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வளர்க்கத் தெரியாதவர்கள் என்று நினைக்க மாட்டார்களா?"

"இது வளர்க்கிறதே கொல்றதுக்குத்தானே சார்," என்றார் மேசைக் கடைசியிலிருந்து கொலைகாரர்.

"உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் ஒரு நிறுவனம் ஆர்வத்தில் ஓடாது. மதிப்பீடு முடியும்வரை சோதனையை ஒத்திவைக்கலாம். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்."

எட்டுக் கைகள் எழுந்தன. இயக்குநர் வெல்டரின் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"நம்ம குடும்பப் பிரதிநிதி?"

வேலைத்தளத்தில் மேஸ்திரி 'நாளைக்கு யார் யார் வர்றீங்க' என்று கேட்டால் எதற்கு, எங்கே, எவ்வளவு நேரம் என்று எதையும் யோசிக்காமல் கை மேலே போகும். போகாத கைக்கு மறுநாள் வேலை இல்லை. சின்ன வயதில் அக்காவோடு சித்தாள் வேலைக்குப் போனபோது பழகிய கை அது. போயே விட்டது. மேலே போன பிறகுதான் அது தன் கை என்று அவனுக்குத் தெரிந்தது.

"ஒருமனதாக," என்றார் இயக்குநர்.

கொலைகாரர் அவனைப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து தேநீரைக் குடித்தார்.

"கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்காங்க," என்று அக்காவிடம் சொன்னான்.

"யாரு?"

"அவங்கதான்."

இரண்டு நாள் கழித்து வளர்ப்புப் பிரிவுத் தலைவரே அக்காவைப் பார்க்க வார்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை. அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பயபக்தியாக நின்றார்.

"அம்மா, உங்களை மாதிரி ஒரு மூலவளம் கிடைக்கிறது அபூர்வம். மதிப்பீடு நடக்கிறவரை தயவுசெஞ்சு எந்த மருந்தும் எடுத்துக்காதீங்க. ஒருவேளை விரிப்புக்கு ஏதாவது ஆச்சுன்னா, திரும்ப உங்ககிட்டதான் வரணும். உங்க கட்டியை நல்லாப் பார்த்துக்குங்க."

"அப்ப நான் எதுக்குய்யா ஆஸ்பத்திரிக்கு வந்தேன்?"

"பராமரிப்புக்கும்மா."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கா, அதுக்கா?"

அவர் ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார். அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நர்ஸ் ஓடிவந்து ஆக்ஸிஜன் வைக்க வேண்டியதாயிற்று. கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு வெல்டர் ஆப்பிள் பையைக் கையில் வைத்திருந்தான். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மதிப்பீட்டுக் குழு வந்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தது. "அற்புதம்" என்றது. யாருடைய கட்டி, எதற்காக வளர்க்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நிலையத்துக்கு முதல் தரம் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் இயக்குநர் எல்லாருக்கும் விடுமுறை கொடுத்து, பேருந்து பிடித்து, கடற்கரைக்கு உல்லாசப் பயணம் கூட்டிக்கொண்டு போனார். கொலைகாரரையும் வற்புறுத்தி ஏற்றிக்கொண்டார்கள். ஒற்றுமை முக்கியம் அல்லவா?

மறுநாள் வெல்டர் விரிப்பைக் கேட்கப் போனபோது வாசல் பூட்டியிருந்தது. காவலாளி மட்டும் இருந்தார்.

"எல்லாரும் போயிட்டாங்க. வர நாலஞ்சு நாள் ஆகும்."

"உள்ள அலமாரியில இருக்கிறதை யாரு பார்த்துக்கிறாங்க?"

"பூட்டு இருக்கே. ஒண்ணும் ஆகாது."

"தண்ணி மாத்தணும் அண்ணா, தெனமும்."

"எனக்கு வாசல்தாம்பா பொறுப்பு. உள்ள காலெடுத்து வச்சா வேலை போயிடும்."

வெல்டர் பூட்டைப் பார்த்தான். அவன் அடித்த எத்தனையோ பூட்டுக் கொண்டிகளைவிட அது லேசானது. பட்டறைக்குப் போய்க் கருவியை எடுத்துவந்தால் நொடியில் அறுத்துவிடலாம். அறுத்துவிட்டு? எந்தத் தண்ணீர், எங்கே இருக்கிறது, எவ்வளவு ஊற்றுவது? ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதைவிட, பிரதிநிதி ஆயிற்றே, பூட்டை உடைத்தான் என்று சொல்லிவிட்டால்? அந்த நினைப்பு அவனுக்கு வந்தது. வந்ததை அவனால் தன்னிடமே மறைத்துக்கொள்ள முடியவில்லை. திரும்பிப் போனான்.

அவர்கள் வெயிலில் கறுத்து, சந்தோஷமாகத் திரும்பி வந்தபோது இளஞ்சிவப்புத் தண்ணீர் மஞ்சளாகிக் கலங்கியிருந்தது. விரிப்பிலிருந்து கட்டி உரிந்து அடியில் கிடந்தது. உடனே இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். பலகையில் இருந்த அதே படத்துக்குக் கறுப்புக் கரை போட்டிருந்தார்கள். வெல்டரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

"அது வாழ்ந்த விதம் பெரிது," என்றார் இயக்குநர். குரல் தழுதழுத்தது. "எந்த மருந்தும் அதைத் தொட்டதில்லை. எந்தக் கத்தியும் அதன்மேல் பட்டதில்லை. நம் அன்பைத் தவிர வேறெதையும் அது அறிந்ததில்லை. மௌனமாக நிற்போம்."

நின்றார்கள். வெல்டருக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பக்கத்தில் நின்ற வளர்ப்புத் தலைவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"எங்களுக்கும் அப்படித்தான் இருக்கு."

மௌனம் கலைந்ததும் இயக்குநர் அவனிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மனசைத் தேத்திக்குங்க. அக்கா நல்லா இருக்காங்க இல்ல? இன்னொரு துணுக்கு வாங்கிக்கலாம்."

கொலைகாரர் கடைசி வரிசையில் இருந்தார். வெளியே வந்தபோது வெல்டரைப் பிடித்து நிறுத்தினார். "பஸ்ஸுல ஏறியிருக்கக் கூடாது நான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வார்டு டாக்டர் காத்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை கத்தி வைக்க முடியாது. இன்னைக்கே ஏத்தியாகணும். என்னைக் கேட்டா ரெண்டுக்கும் சம வாய்ப்பு. இதுக்கு மேல எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க."

நர்ஸ் தள்ளுவண்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். தட்டில் இரண்டு பாட்டில்கள். ஒன்றில் சிவப்பு. ஒன்றில் வெறும் தண்ணீர் மாதிரி.

அக்கா ஆக்ஸிஜன் குழாயை மூக்கிலிருந்து கொஞ்சம் விலக்கினாள். "எதுலடா செத்துச்சு அது?"

"எதுலயும் இல்லக்கா. மருந்தே ஊத்தல. தண்ணி மாத்த ஆளில்லாம செத்துப்போச்சு."

அக்கா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருமல் வந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அடப் பாவமே. அதுவும் நம்ம ஆளாயிடுச்சா?"

"அக்கா..."

"என்ன?"

"தள்ளிப்போடறதுக்கு நானும் கை தூக்கினேன்."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள்.

"எல்லாரும் தூக்கினாங்களா?"

"ம்."

"நீ தூக்காம இருந்தா நின்னிருக்குமா?"

"நின்னிருக்காது."

"அப்புறம் என்ன?"

"தூக்காம இருந்திருக்கலாம்ல, அக்கா."

பரவாயில்லை என்று அக்கா சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் எதிர்பார்த்திருந்தான். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"டாக்டரம்மா, இவனையே கேளுங்க. காத்திருக்கலாம்னு சொன்னவன் இவன்தானே. இவனே சொல்லட்டும்."

"அக்கா, வேணாம்க்கா. நீ சொல்லு."

"நான் முதல் நாளே சொன்னேன். எதையாவது போடுன்னு. எனக்கு எதுவா இருந்தாலும் சரிதான். நீ காட்டு."

நர்ஸ் அவனைப் பார்த்தாள். டாக்டரும் திரும்பிப் பார்த்தாள். வெல்டர் கையை நீட்டினான். நீட்டும்போது கண் இரண்டும் இறுக மூடிக்கொண்டன. பட்டறையில் தீப்பொறிக்கு முன்னால்கூட அப்படி மூடியதில்லை. விரல் எங்கேயோ ஒரு பக்கம் நின்றது. நர்ஸ் ஒரு பாட்டிலை எடுத்தாள். கம்பியில் தொங்கவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு நின்ற அவனுக்குத் தள்ளுவண்டியின் சக்கரங்கள் நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அக்கா அந்தப் பக்கம் தலையைச் சாய்த்து, சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"பார்த்துத்தான் காட்டினியாடா?"

"பார்த்துத்தான் காட்டினேன்க்கா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தூங்கிவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் அவன் தலையை நிமிர்த்தி, தொங்குவது எந்தப் பாட்டில் என்று பார்த்தான்.